அந்தோனி கௌடியாரும் அவர்தம் தொழிற்கூடமும்

வானளாவிய கட்டிடமொன்றைக் காணுங்கால் அதனை எடுப்பித்த செல்வர் யாவர் என வினவுதல் உலகியல்பு. அதனை வகுத்த கலைஞர் பெயரை வினவுவோர் சிலரே. அக்கலைஞரோடு உடனிருந்து கோடு கிழித்தவரும், கல் பொளிந்தவரும், இரும்பு வளைத்தவரும் யாவர் என்று கேட்போர் அவரினும் அரியர். ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகரில் நூறாண்டுகட்கு மேலாக எழும்பிவரும் திருக்குடும்பக் கோயிலின் புகழை இன்று அறியாதார் இலர் எனலாம். அதனை வகுத்த அந்தோனி கௌடியாரின் பெயரும் உலகெங்கும் பரவியுளது. எனினும், அவர் தனியே நின்று தொழில் புரிந்தாரல்லர். கோயிலை ஒட்டி அமைந்த சிறியதொரு தொழிற்கூடத்தில், உதவியாளர் சிலரும் சிற்பிகள் சிலரும் சூழ, அவர் தம் வாழ்நாளைக் கழித்தார். அவர்தம் வரலாற்றையும், அக்கூடத்தார் கைக்கொண்ட கொள்கைகளையும் ஒருங்கே கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

ஸ்பெயினின் வடகிழக்கே மத்தியதரைக் கடலை அடுத்துக் கிடப்பது கத்தலோனியா. தனக்கெனத் தனி மொழியும் தனி மரபும் உடைய நாடு அது. அந்நாட்டில் ரேயுஸ் என்னும் ஊரையடுத்த பகுதியில் 1852-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் நாள் கௌடியார் தோன்றினார். தந்தையார் பிரான்செஸ்க் கௌடி, செம்புக் கொப்பரைகள் செய்யும் கன்னார். தாயார் அந்தோனியா கொர்னெத் என்பவரும் கன்னார் குடியிற் பிறந்தவரே. அவர்கட்குப் பிறந்த மக்கள் ஐவருள் இவரே இளையவர்.

தட்டையான செப்புத் தகடு தந்தையின் சம்மட்டியடியில் மெல்ல மெல்ல வளைந்து, வயிறு பருத்து, நீர் கொள்ளும் கலமாக மாறுவதை அச்சிறுவர் நாடோறும் கண்டு வளர்ந்தார். காகிதத்தில் வரைந்த கோட்டினும் கையால் தொட்டறியும் வடிவமே உண்மையானது என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது அப்பட்டறையிலேயே. பிற்காலத்தில் அவரும் தம் திறத்திற்குக் காரணம் கூறுங்கால் அப்பட்டறையையே சுட்டினர்.

இளமையிலேயே அவரைக் கீல்வாத நோய் பற்றியது. ஒத்த வயதுச் சிறுவர் ஓடி விளையாடும்பொழுது அவர் அமர்ந்திருக்க வேண்டியவராயினார். நடக்க இயலாத நாட்களில் கழுதை மீதமர்ந்து செல்வதும் உண்டு. அங்ஙனம் அமர்ந்திருந்த நீண்ட பொழுதுகளில் அவர் கண்கள் ஓய்ந்திருக்கவில்லை. நத்தையின் ஓடு சுருண்டு செல்லும் முறையையும், மரத்தின் அடி கிளைகளாகப் பிரிந்து தழையின் சுமையைத் தாங்கும் வகையையும், எலும்பு நடுவில் மெலிந்து முனைகளில் தடித்திருக்கும் திறத்தையும் அவர் உற்று நோக்கினார். நோய் அவருக்கு நல்கிய கல்வி அது.

கல்வியும் முதற்றொழிலும்

ரேயுஸ் நகரப் பள்ளியிற் பயின்ற பின்னர் அவர் பார்சிலோனாவை அடைந்து, அங்கே கட்டிடக் கலைப் பள்ளியிற் சேர்ந்தார். செலவுக்குப் பொருள் போதாமையின், படிக்கும் காலத்திலேயே கலைஞர் சிலரிடம் வரைவாளராக ஊழியம் செய்தார். 1876-ஆம் ஆண்டு அவருக்குக் கொடியதோர் ஆண்டாயிற்று. மருத்துவக் கல்வி முடித்திருந்த தமையனாரும், அவரைத் தொடர்ந்து தாயாரும் அவ்வாண்டிலேயே இறந்தனர். சில ஆண்டுகளில் தமக்கையாரும் மறைய, முதிய தந்தையும், தமக்கையின் மகளான சிறு பெண்ணுமே அவருக்கு எஞ்சிய குடும்பமாயினர். அவர் இறுதிவரை மணம் புரிந்தாரல்லர்.

தேர்வுகளில் அவர் எப்பொழுதும் முதன்மை பெற்றவரல்லர். தமக்கு விருப்பமானவற்றில் சிறந்தும், ஏனையவற்றில் நடுத்தரமாகவும் விளங்கினார். 1878-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். நகராண்மையார் பொருட்டு அரச சதுக்கத்தில் விளக்குத் தூண்கள் வகுத்தது அவர்தம் முதற் பணிகளுள் ஒன்று. அத்தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அதே ஆண்டில் பாரிஸ் நகரில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சிக்கெனக் கையுறை வணிகர் ஒருவர்க்குக் கண்ணாடிப் பேழையொன்றை வகுத்துக் கொடுத்தார். அதைக் கண்டு வியந்தவருள் எயுசேபி குவெல் என்னும் பெருஞ் செல்வரும் ஒருவர். நெசவாலை உடையவர், பின்னாளிற் பிரபுப் பட்டமும் பெற்றவர். அன்று தொடங்கிய நட்பு 1918-இல் குவெல் பிரபு இறக்குங்காறும் நாற்பதாண்டு நிலைத்தது. குவெல் மாளிகை, குவெல் பூங்கா, குவெல் தொழிலாளர் குடியிருப்பின் கோயில் ஆகியன அந்நட்பின் விளைவுகள்.

தொடக்கக் காலத்து இல்லங்களுள் விசென்ஸ் இல்லம் குறிப்பிடத் தக்கது. அம்மனை எழவிருந்த நிலத்தில் மஞ்சட் பூக்களும் ஒரு பனையும் நின்றன. கட்டிடம் எழும்ப அவை அழிதல் வேண்டும். கௌடியார் அப்பூக்களைச் சுவரின் மெருகோடுகளிலும், பனையோலையை இரும்பு வேலியிலும் அமைத்துவிட்டார். அழிவதொன்றை வடிவத்தில் நிலைபெறச் செய்யும் இக்கருத்து அவர்தம் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

திருக்குடும்பக் கோயில்

பார்சிலோனாவில் பொக்காபெல்லா என்னும் புத்தக வணிகர் ஒருவர் இருந்தார். புனித சூசையப்பர்பால் பக்தியுடையார் கழகமொன்றை 1866-இல் அவர் நிறுவினார். இயேசு, மரியாள், சூசை என்னும் திருக்குடும்பத்தின் பெயரால் ஒரு கோயில் எடுத்தல் வேண்டும் என்பது அக்கழகத்தாரின் விருப்பம். அரசன் பொருளோ, பேராலயங்களின் பொருளோ அன்று. மக்கள் இடும் காணிக்கையாலேயே அஃது எழும்புதல் வேண்டும் என்று அவர்கள் துணிந்தனர். 1882-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19-ஆம் நாள், சூசையப்பர் திருநாளன்று, அடிக்கல் நாட்டப்பட்டது. முதலில் அமர்ந்த வில்யார் என்னும் கலைஞர் கருத்து வேற்றுமையால் அடுத்த ஆண்டே விலகினார். அவ்விடத்திற்கு 31 வயதே நிரம்பிய கௌடியார் அழைக்கப்பட்டார்.

அன்று தொட்டு இறக்குங்காறும் 43 ஆண்டுகள் அவர் அப்பணியில் இருந்தார். கிறித்துவின் பிறப்பு, பாடு, மகிமை ஆகியவற்றைக் காட்டும் மூன்று முகப்புகளும், பன்னிரு அப்போஸ்தலர், நான்கு சுவிசேஷகர், கன்னி மரியாள், இயேசு பெருமான் ஆகியோரைக் குறிக்கும் பதினெட்டுக் கோபுரங்களும் அமைதல் வேண்டும் என வகுத்தார். நடுவட் கோபுரத்தின் உயரத்தை 172.5 மீட்டராக நிறுத்தினார். பார்சிலோனாவின் மொன்ஜுயிக் குன்றம் அதனினும் சிறிதே உயர்ந்தது. மாந்தர் கைவேலை இறைவன் படைத்த குன்றை விஞ்சலாகாது என்பது அவர் கருத்து.

தொழிற்கூடத்துத் தோழர்

இனி, அவரோடு உடனுழைத்தாரைப் பற்றிக் கூறுவாம்.

அவருள் முதல்வர் பிரான்செஸ்க் பெரெங்கேர். 1866-இல் ரேயுஸ் நகரிற் பிறந்தவர். கௌடியார்க்கு இளமையிற் கல்வி கற்பித்த ஆசிரியரின் மகனார். கட்டிடக் கலைப் பள்ளியிற் சேர்ந்தும், இளமையிலேயே மணம் புரிந்து குடும்பப் பாரம் ஏற்றமையின், படிப்பை முடித்தாரல்லர். பட்டம் இன்மையால் தாம் வகுத்த கட்டிடங்களின் வரைபடத்தில் தம் பெயரைக் கையெழுத்திடும் உரிமை அவருக்கு இல்லை. பட்டம் பெற்ற பிறரே கையெழுத்திட்டனர். பிறர் பெயரால் நின்ற அவருடைய கட்டிடங்கள் பார்சிலோனாவில் பல. கௌடியார்க்கு அவர் வலக்கை போன்றவர். 1914-இல் அவர் இறந்தபொழுது கௌடியார் தம் கையையே இழந்தவர் போல் ஆயினார். பட்டமே தகுதி எனக் கருதும் நம்மனோர் இவர் வரலாற்றைச் சற்றே நின்று எண்ணுதல் நன்று.

ரூபியோ என்பவரும் ரேயுஸ் நகரத்தவர். சுமையும் தாங்கலும் பற்றிய கணக்கில் வல்லவர். சுக்ரானியெஸ் என்பவரும் அந்நகரினரே. கணிதத்தால் கட்டிடங்களின் உறுதியை ஆய்ந்தவர். கௌடியார்க்குப் பின் கோயிற் பணியை ஏற்றவர். ஜுஜோல் என்னும் இளைஞர் தரகோனா நகரிலிருந்து வந்தவர், 1879-இற் பிறந்தவர். நிறங்களை ஆளுந் திறம் அவர்பால் இயல்பாகவே அமைந்திருந்தது. குவெல் பூங்காவில் பாம்பென வளைந்து செல்லும் நீண்ட இருக்கையின் பன்னிற ஓட்டு வேலை பெரும்பாலும் அவர் கைத்திறம். மத்தமாலா என்னும் சிற்பியார் கோயிற் சிற்பங்கட்குத் தலைவராய் நெடுங்காலம் உழைத்தார்.

ஓர் ஆசானின் பெருமை அவன் மாணாக்கர் அவனைப் போன்றே ஆவதில் இல்லை. அவரவர் இயல்பு அவரவர்க்கே விளங்குமாறு செய்தலில் உள்ளது. கௌடியார் பிடிவாதமும் சினமும் உடையவர் என்பதில் ஐயமில்லை. தாம் எழுப்பிய சுவரையே மனம் பொருந்தாவிடில் இடித்து மீண்டும் கட்டச் செய்வார். ஆயினும் ஜுஜோலின் நிறத்திலும், ரூபியோவின் கணக்கிலும் அவர் தலையிட்டு அவற்றைத் தம் நிழலாக மாற்றிவிடவில்லை. பிற்காலத்தில் இவ்விருவரும் தனித்தனியே சிறந்த கட்டிடங்கள் எழுப்பிப் புகழ் பெற்றமை இதற்குச் சான்றாகும்.

தொங்கு சங்கிலியின் பாடம்

அக்கூடத்தார் கைக்கொண்ட கொள்கைகளுள் தலையாயது, சுமை தானே தன் வழியைக் காட்டும் என்பது. ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பற்றித் தொங்கவிட்டால் அஃது ஓர் அழகிய வளைவாய்த் தாழும். அவ்வளைவில் இழுவிசையன்றி வேறு விசை இல்லை. அதனை அப்படியே தலைகீழாக்கிக் கல்லாற் கட்டின், அவ்வளைவில் அழுத்தமன்றி வேறு விசை இராது. கல்லும் செங்கல்லும் அழுத்தத்தைத் தாங்க வல்லன, இழுவையைத் தாங்கமாட்டா. ஆதலின் தொங்கு சங்கிலியின் தலைகீழ் வடிவே கல் வளைவுக்குப் பொருந்திய வடிவமாகும். இவ்வுண்மையை ஆங்கில நாட்டு அறிஞர் ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். அதனை ஒரு முழுக் கட்டிடத்திற்கே கையாண்ட பெருமை கௌடியாரின் கூடத்தைச் சாரும்.

குவெல் தொழிலாளர் குடியிருப்பின் கோயிலுக்கெனப் பணி 1898-இல் அவர்பால் ஒப்புவிக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகள் அங்கே ஒரு கல்லும் வைக்கப்படவில்லை. மாறாக, ஒரு கொட்டகையின் கூரையிலிருந்து நூல்கள் நூற்றுக்கணக்கில் தொங்கவிடப்பட்டன. கோயிலின் பத்தில் ஒரு பங்கு அளவில் அமைந்த மாதிரி அது. ஒவ்வொரு நூலிலும், அவ்வளைவு தாங்க வேண்டிய சுமைக்கேற்பப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எடையுள்ள ஈயக் குண்டுகளைச் சிறு பைகளில் இட்டுக் கட்டினர். ஒரு பையை மாற்றினால் நூல் வலையனைத்தும் அசைந்து புது நிலை கொள்ளும். பெரெங்கேர், கனலேத்தா முதலிய உதவியாளர் இப்பணியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். பின்னர் அவ்வலையைப் புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாக நிறுத்தி, அதன்மேல் வண்ணந் தீட்டினார் கௌடியார். தொங்கிய நூல்கள் நிமிர்ந்த தூண்களாயின. தாழ்ந்த வளைவுகள் எழுந்த கூரைகளாயின.

1908-இல் கட்டும் வேலை தொடங்கிற்று. ஆனால் பொருள் உதவி நின்றமையால் சில ஆண்டுகளில் அஃது ஓய்ந்தது. கீழ்க்கோயில் மட்டுமே எஞ்சியது. அங்கே தூண்கள் சாய்ந்து நிற்கின்றன. பழைய கோதிக் கோயில்கள் தம் சுவர் வெளியே சாயாதவாறு புறத்தே முட்டுக் கொடுத்து நிற்பவை. கௌடியாருக்கு அம்முட்டுகள் நொண்டியின் ஊன்றுகோல்களாகவே தோன்றின. சுமை சாயும் திசையிலேயே தூணையும் சாய்த்துவிட்டால் ஊன்றுகோல் எதற்கு? நடத்தற்கு இடர்ப்பட்ட சிறுவராய் வளர்ந்தவர் இவ்வினாவை எழுப்பியமை வியப்பன்று.

சங்கிலியிற் கற்ற பாடம் திருக்குடும்பக் கோயிலுக்குப் பயன்பட்டது. அங்கே தூண்கள் மரங்களைப் போல் மேலே கிளைத்துக் கூரையைத் தாங்குகின்றன. அடியில் விண்மீன் வடிவினவாய்த் தொடங்கும் தூண், வலமாகவும் இடமாகவும் ஒருங்கே முறுகி, உயர உயர வட்டமாகின்றது. நேர்கோடுகளாலேயே ஆக்கப்படும் வளைபரப்புகளை அவர் விரும்பிக் கையாண்டார். காண்பதற்கு வளைந்திருப்பினும், நேரான மரச் சட்டங்களை வரிசையாய் நிறுத்தியே அவற்றை எழுப்பலாம். ஆதலின் கொத்தருக்கு அவை எளியன. அழகும் உறுதியும் தொழிலாளியின் எளிமையும் ஒன்றாய்ப் பொருந்திய முறை இது.

உடைந்த ஓடும் மழை நீரும்

குவெல் பூங்காவைத் தோட்ட நகரொன்றாக்கும் எண்ணத்துடன் 1900-இல் வேலை தொடங்கினர். அறுபது மனைகள் விற்கக் கருதியும் கொள்வோர் வந்திலர். வாணிக முறையில் அது தோல்வியே. ஆயினும் அங்குள்ள அமைப்பு வியக்கத் தக்கது. உடைந்து எறியப்பட்ட மெருகோட்டுச் சில்லுகளைப் பொறுக்கி, வளைந்த பரப்புகளின் மேற் பதித்தனர். முழு ஓடு வளைவில் அமையாது, சில்லு அமையும். குப்பையென ஒதுக்கியதே அங்கு அணியாயிற்று.

மேலே பரந்த வெளியும், அதனடியில் 86 தூண்கள் கொண்ட மண்டபமும் உள்ளன. வெளியில் விழும் மழை நீர் மணலில் வடிந்து, தூண்களின் உட்குழல் வழியாகக் கீழிறங்கி, நிலத்தடித் தொட்டியிற் சேர்கின்றது. தூண் சுமை தாங்குகின்றது. அதே தூண் நீரும் சேர்க்கின்றது. 1922-இல் பூங்கா நகராண்மையார்க்கு விற்கப்பட்டு, 1926-இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. செல்வர் அறுபதின்மருக்கென வகுத்தது இவ்வாறு யாவர்க்கும் உரியதாயிற்று.

நகரினுள்ளே 1904-க்கும் 1906-க்கும் இடையே புதுப்பிக்கப்பட்ட பட்லோ இல்லத்தின் நடுமுற்றம் ஒன்று கூறத்தக்கது. மேலிருந்து வரும் ஒளி கீழே செல்லச் செல்லக் குன்றும். அதனை ஈடு செய்யும் பொருட்டு மேலே அடர்ந்த நீல ஓடுகளையும், கீழே வெளிறிய ஓடுகளையும் பதித்தனர். சாளரங்களும் மேலே சிறியவாய்க் கீழே பெரியவாய் அமைந்தன. எல்லா மாடியிலும் ஒளி ஒத்துப் பரவுகின்றது. அடுத்து எழுந்த மிலா இல்லத்தில் சுவர்களைச் சுமையினின்று விடுவித்துத் தூண்களே தாங்குமாறு செய்தனர். ஆதலின் குடியிருப்போர் வேண்டியவாறு அறைகளைப் பிரித்துக்கொள்ளல் இயன்றது. அதன் அலையலையான கல் முகப்பைக் கண்ட நகரத்தார் அதனைக் கல்வெட்டாங்குழி என்று எள்ளிப் பெயரிட்டனர். எள்ளிய பெயரே இன்று புகழ்ப் பெயராய் நிலைத்துளது.

இவையனைத்தினும் சிறியதாய், இவையனைத்திற்கும் ஒப்பாய் மதிக்கத் தக்கது ஒன்றுண்டு. கோயிற் பணியாளரின் பிள்ளைகட்கும் அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகட்கும் 1909-இல் அவர் கட்டிய பள்ளிக்கூடம் அது. மெல்லிய செங்கற் பலகைகளை அடுக்கடுக்காய் ஒட்டி, சுவரையும் கூரையையும் அலை போல் நெளித்துவிட்டார். நெளிவினாலேயே மெல்லிய சுவரும் உறுதி பெற்றது. செலவோ சிறிது. இதே ஆண்டில் பார்சிலோனாவில் ஏழை மக்கள் கலகம் மூண்டு, கோயில்களும் மடங்களும் பல எரிந்தன. திருக்குடும்பக் கோயில் தப்பியது. பிற்காலத்தில் 1928-இல் அங்கே வந்த புகழ் மிக்க கலைஞர் லெ கொர்புசியே, பெருங் கோயிலை விட்டு இச்சிறு பள்ளியின் கூரையைத் தம் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

துன்பமும் துறவும்

இளமையில் நல்லுடையிலும் நாகரிகத்திலும் விருப்பம் உடையவராயிருந்த கௌடியார் வரவரத் துறவியானார். 1894-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் உண்ணாநோன்பை மிகக் கடுமையாய் மேற்கொண்டு உயிர் போகும் நிலையை அடைந்தார். தொராஸ் என்னும் குருவானவர் வந்து, எடுத்த பணி முடியாதிருப்பதை நினைவுறுத்தி அவரை மீட்டார். 1906-இல் தந்தையார் இறந்தார். 1912-இல் தமக்கை மகளும் இறந்தாள். 1914-இல் பெரெங்கேரும், 1916-இல் தொராஸ் அடிகளும், 1918-இல் குவெல் பிரபுவும் மறைந்தனர். தனிமை அவரைச் சூழ்ந்தது. பிற பணிகளையெல்லாம் விலக்கி, கோயிற் பணி ஒன்றிலேயே அமர்ந்தார். காணிக்கை குன்றியபொழுது தாமே வீடு தோறும் சென்று இரந்தார்.

கத்தலானிய மொழிமேல் அவர் கொண்ட பற்றும் பெரிது. அம்மொழிக்கு இடையூறு நேர்ந்த சர்வாதிகாரக் காலத்தில், 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், காவலர் தடுத்து வினவியபொழுது அவர்களுடைய மொழியில் விடை கூற மறுத்தார். 72 வயது முதியவரைக் காவலர் பிடித்துச் சென்று அடைத்தனர். தாய்மொழியைப் பேணுவார் யாவரும் மதிக்கத் தக்க செயல் இது.

1925-இல் தம் இல்லத்தை விட்டுத் தொழிற்கூடத்திலேயே குடிபுகுந்தார். அவ்வாண்டு நவம்பர் மாதம் 30-ஆம் நாள் புனித பர்னபாவின் மணிக்கோபுரம் நிறைவெய்தியது. பதினெட்டுள் அவர் கண்ணாற் கண்ட முழுக் கோபுரம் அஃதொன்றே.

1926-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள் மாலை, வழக்கம்போல் கோயில் வழிபாட்டிற்கென நடந்து சென்றவரை டிராம் வண்டியொன்று மோதித் தள்ளியது. கந்தலான உடையும், பையில் அடையாளச் சீட்டு ஏதும் இன்மையும் கண்டோர், பிச்சைக்காரர் என எண்ணி வாளாவிருந்தனர். வாடகை வண்டிக்காரர் ஏற்ற மறுத்தனர். நெடுநேரங் கழித்து ஏழைகளுக்கான திருச்சிலுவை மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். மறுநாளே நண்பர் அவரைக் கண்டறிந்தனர். ஜூன் 10-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். ஏழையென்று நகரத்தார் தீண்டாது விட்டவர்க்கு, இரண்டு நாளில் அந்நகரமே தெருவெல்லாம் நிறைந்து நின்று விடை கொடுத்தது. தாம் எடுத்த கோயிலின் கீழ்க்கோயிலிலேயே அவர் அடக்கம் பெற்றார்.

எரிந்த கூடமும் எழுந்த கோயிலும்

கதை இதனோடு முடியவில்லை. 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டபொழுது கலகத்தார் தொழிற்கூடத்தில் தீயிட்டனர். வரைபடங்கள் சாம்பலாயின. சுண்ணச் சுதையாற் செய்த மாதிரிகள் நொறுங்கின. சுக்ரானியெஸ் அத்துயரத்திற்குப் பின் நெடுநாள் வாழ்ந்தாரல்லர், 1938-இல் இறந்தார். போர் ஓய்ந்தபின், கௌடியாரை அறிந்த கலைஞர் சிலர் கூடி, இடிபாட்டினுள் கிடந்த சுதைத் துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, மறைந்த ஆசானின் கருத்தை மீட்கத் தலைப்பட்டனர். சில்லுகளை ஒட்டிப் பொருள் காணும் வித்தையை அவர்களுக்குக் கற்பித்தவரும் கௌடியாரே அன்றோ!

இங்கே நேர்மையுள்ள ஒரு வினா எழுகின்றது. வகுத்தவன் இல்லாதபொழுது பிறர் அதனைத் தொடர்தல் தகுமோ? 1965-இல் புகழ் பெற்ற கலைஞரும் அறிஞரும் பலர் ஒன்று கூடி, இனித் தொடர்தல் கௌடியாரின் பெயருக்கே இழுக்கு என்று இதழில் எழுதினர். அவர்களுள் முன் கூறிய லெ கொர்புசியேயும் ஒருவர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஒரு புலவன் பாதியில் விட்ட காப்பியத்தைப் பிறனொருவன் முடிப்பின், அது முன்னவன் காப்பியமாகுமா? பின்னர் எழுந்த சிற்பங்கள் சில முன்னவற்றோடு இசையவில்லை என்பாரும் உளர்.

எனினும், எம் சிற்றறிவிற்குத் தோன்றுவது வேறு. கௌடியார் தம் வாழ்நாளில் இக்கோயில் முடியாது என்பதை நன்கு அறிந்திருந்தார். அறிந்தே, அடித்தளம் முழுவதையும் ஒருங்கு எழுப்பாது, பிறப்பு முகப்பை மட்டும் முடிக்க முயன்றார். ஒன்றைக் கண்ணெதிரே உயர்த்திக் காட்டினால் பின்வருவோர் கைவிடார் என்பது அவர் துணிபு. வரைபடங்களில் அனைத்தையும் வரையறுத்துக் கட்டி வைக்காமல், வடிவங்களின் விதியை மாதிரிகளால் கற்பித்துச் சென்றார். விதி தெரிந்தவர்க்குத் துண்டு போதும். நூல் எரியலாம், கற்றவர் உள்ளம் எரியாது. பெரெங்கேரும், ஜுஜோலும், சுக்ரானியெஸும் போன்றார் நிறைந்த கூடத்தில் பிறந்த கோயில், பின்னொரு கூடத்தார் கையால் வளர்தல் அதன் இயல்புக்கு மாறன்று. அதன் இயல்பே ஆகும்.

2010-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசர் அக்கோயிலை அபிடேகம் செய்தார். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ரோமைத் திருச்சபை கௌடியாரை வணக்கத்துக்குரியவர் என்னும் நிலைக்கு உயர்த்தியது. அவ்வாண்டு அக்டோபரில் நடுவட் கோபுரம் ஜெர்மானிய நாட்டு உல்ம் கோயிலின் உயரத்தைக் கடந்து, உலகில் உயரிய தேவாலயமாயிற்று.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! கல்லூரியை விட்டுச் செல்லுமுன் யாதேனும் ஒன்றை முடித்துப் பெயர் பொறிக்க வேண்டும் என்னும் வேட்கை நம்மனைவர்க்கும் உண்டு. முடிக்க இயலாததைத் தொடங்குதல் பேதைமை என்றும் நாம் கேட்டிருக்கின்றோம். கௌடியாரின் வாழ்க்கை இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. தாம் முடிக்க மாட்டாத பணியை அவர் விரும்பி ஏற்றார். ஏற்றபின், பிறர் தொடரக் கூடிய வகையில் அதனைச் செவ்விதாய்ச் செய்தார். பெரெங்கேரோ அதனினும் ஒருபடி சென்று, தம் பெயர் வாராத பணியையும் முழு மனத்தோடு செய்தார். பெரியோர் வாழ்க்கையை நாம் கற்கும்போது முன்னவரை மட்டுமே நினைக்கின்றோம். நம்முட் பெரும்பாலோர் வாழப் போவதோ பின்னவர் போன்ற வாழ்க்கையே. கோயில் எழும்புதற்கு இருவரும் வேண்டும். ஆதலின் நம் கைக்கு வந்த கல் சிறிதாயினும், அதனைச் சுமை செல்லும் திசையறிந்து நேர்மையாய் வைத்துச் செல்வோமாக.